5.9 மீட்டர் சந்தில் 360 வீடு: பாலகெரே பக்கம் வரும் கோபுரங்களுக்கு ஒப்புதல் எதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள்?

பதிவு 1 | பாலகெரே வாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரின் கிழக்கே பனத்தூருக்கும் வர்த்தூருக்கும் இடையே குடியிருக்கும் தமிழர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் இதை எழுதுகிறேன். எங்கள் சந்தின் கோடியில், போன வருடம் வரை கேழ்வரகு விளைந்த நான்கு ஏக்கர் நிலத்தில், 20 தளம் கொண்ட மூன்று கோபுரங்களுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. மொத்தம் 360 வீடுகள். எந்த அறிவிப்பும் எங்களுக்கு வரவில்லை. இரவு பதினோரு மணிக்குப் போர்வெல் வண்டி வந்து நின்று மூன்று நாள் உறுமிய பிறகுதான் செய்தி தெரிந்தது.

கர்நாடக ரெரா (வீடு, மனைத் திட்டங்களுக்கான ஒழுங்குமுறை ஆணையம்) தளத்தில் அந்தத் திட்டத்தின் வரைபடத்தை ஏற்றியிருக்கிறார்கள். அதன்படி எங்கள் சந்தின் அகலம் 12 மீட்டர். அன்றாடம் அந்தச் சந்தில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவன் என்பதால் எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நாங்கள் நான்கு பேர், முப்பது மீட்டர் டேப் ஒன்றும் என் மகளின் பழைய கணக்கு நோட்டு ஒன்றும் எடுத்துக்கொண்டு, முதன்மைச் சாலையிலிருந்து அந்த மனை வரை உள்ள 410 மீட்டரை ஒன்பது இடங்களில் குறுக்கே அளந்தோம். மனைக்கு நேர் எதிரே 12.1 மீட்டர், அங்கே கட்டுமான நிறுவனம் தன் நிலத்திலிருந்து ஒரு பட்டையைச் சாலைக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது. ஆனால் மாரியம்மன் கோயில் மதிலருகே 6.4 மீட்டர், டிரான்ஸ்பார்மர் கம்பி வேலியருகே 5.9 மீட்டர். எலியை விழுங்கிய பாம்பைப் போல, அந்த மனை வாசலில் மட்டும் சாலை வயிறு புடைத்துக்கொண்டிருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நானும் 14 மாடிக் கட்டடம் ஒன்றின் ஒன்பதாவது மாடியில்தான் குடியிருக்கிறேன். ஆகவே உயரமான கட்டடமே கூடாது என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை, அப்படிச் சொல்லவும் வரவில்லை. வீட்டுக்கு ஒரு கார், விருந்தினருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு என்று கணக்கிட்டாலும் 396 கார்கள் அந்த 5.9 மீட்டர் வழியாகத்தான் போய்வர வேண்டும் என்பதை, கையெழுத்திட்டவர்களில் யாராவது ஒருவர் பார்த்திருக்க வேண்டாமா என்பதுதான் என் கேள்வி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2 | வாடகைவீட்டுக்காரி

ஐயா, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனாலும் ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிறீர்களோ என்ற சந்தேகம் எனக்கு வருகிறது. நீங்கள் ஒன்பதாவது மாடியில் குடியேறியபோது, உங்களுக்கு முன்பே அந்தச் சந்தில் இருந்தவர்கள் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். அன்று அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பது உங்களுக்கு வசதியாக இருந்தது.

நான் வெளிவட்டச் சாலையில் வேலை பார்க்கிறேன். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 24,000 ரூபாயில் தொடங்கிய என் வாடகை இப்போது 38,000. ஒவ்வொரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதும் வீட்டுக்காரர் சொல்வது ஒரே வாக்கியம்தான்: 'நீங்கள் காலி செய்தால் நாளைக்கே வேறு ஆள் வரும்.' அவர் சொல்வது உண்மைதான். வேலை இருக்கும் இடத்தில் வீடு போதவில்லை. இந்த 360 வீடுகள் இங்கே வராவிட்டால் அந்தக் குடும்பங்கள் ஊரை விட்டா போய்விடும்? சர்ஜாபுரத்தைத் தாண்டியோ அத்திப்பள்ளியிலோ குடியேறி, தினமும் இதே சாலைகள் வழியாகத்தான் இங்கே வந்து போகும். வீட்டைத் தள்ளி வைத்தால் வண்டி குறையும் என்பது தப்புக்கணக்கு.

பதிவு 3 | கட்டுமானப் பொறியாளர்

இத்துறையில் பதினேழு ஆண்டுகளாக இருக்கிறேன். ஒப்புதல் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே பலரும் நினைப்பது போல யாரோ ஒருவர் ஒரே நாளில் முத்திரை குத்துவதில்லை.

அடிப்படை ஆவணம் பி.டி.ஏ. என்ற பெங்களூரு வளர்ச்சி ஆணையத்தின் 2015ஆம் ஆண்டுக்கான முதன்மைத் திட்டம். அது 2007இல் நடைமுறைக்கு வந்தது. 2031ஆம் ஆண்டுக்கான வரைவை 2017இல் வெளியிட்டார்கள், பிறகு அதைக் கைவிட்டார்கள். ஆகவே பெயரிலேயே காலாவதியான ஒரு திட்டத்தைக் கொண்டுதான் இன்றும் இந்த நகரத்தின் கோபுரங்களை அளக்கிறார்கள். மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற எண்ணை, சென்னைக்காரர்கள் எஃப்.எஸ்.ஐ. என்று சொல்வதை, இங்கே எஃப்.ஏ.ஆர். என்பார்கள். மனையின் பரப்பும் அதன் முன்னுள்ள சாலையின் அகலமும் கூடக் கூட அந்த எண்ணும் கூடும், 1.75இல் தொடங்கி 3.25 வரை போகும். பணம் கட்டிக் கூடுதலாக வாங்கிக்கொள்ளும் பிரீமியம் எஃப்.ஏ.ஆர். என்ற வழியும் இப்போது வந்திருக்கிறது. எனவே 12 மீட்டர் என்று வரைபடத்தில் எழுதியிருப்பது அலங்காரத்துக்கு அல்ல. எத்தனை மாடி என்பதே அந்த எண்ணைப் பிடித்துத்தான் தீர்மானமாகிறது.

அதன் பிறகு தடையின்மைச் சான்றுகள் வரிசையாக வரும். குடிநீர் வாரியம் நீரையும் கழிவுநீரையும் பார்க்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எஸ்.டி.பி. என்ற கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்கும். தீயணைப்புத் துறை படிக்கட்டையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்க்கும். நம் பகுதி எச்.ஏ.எல். விமான நிலைய ஓடுதளத்துக்குக் கிழக்கே இருப்பதால் உயரத்துக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதியும் தேவை; நான்கு ஏக்கரில் 360 வீடென்றால் நிச்சயமாகத் தேவை.

இத்தனை அலுவலகங்களில் எதுவும் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை என்பதுதான் வேடிக்கை. ஒவ்வொருவரும் தம்மிடம் கேட்ட கேள்விக்குச் சரியாகவே பதில் எழுதுகிறார்கள். எல்லாக் கேள்விகளும் மனையின் நான்கு எல்லைக்கற்களுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. அதே சந்தில் ஏற்கெனவே எத்தனை வீடுகள் இருக்கின்றன, இன்னும் எத்தனை மனைகளின் கோப்புகள் வரிசையில் நிற்கின்றன, எல்லாம் சேர்ந்தால் குழாயும் சாலையும் தாங்குமா என்று கூட்டிப் பார்க்கும் வேலை எந்த மேசையின் வேலையும் அல்ல. விமானத்துக்கு வழி இருக்கிறதா என்று கேட்க ஓர் அலுவலகம் இருக்கிறது, 410 மீட்டர் சந்துக்கு அப்படி ஒன்று இல்லை.

உங்களுக்கு ஏன் அறிவிப்பு வரவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. சுரங்கத்துக்கோ பெரிய ஆலைக்கோ நடத்துவது போன்ற பொதுமக்கள் கருத்துக்கேட்பு, கட்டடத் திட்டங்களுக்குத் தேவையில்லை என்று அதே 2006 அறிவிக்கையே விலக்களித்திருக்கிறது. ஆகவே அண்டை வீட்டுக்காரர் வாய் திறக்கக்கூடிய இடம் என்று சட்டத்தில் ஒன்றுமே வைக்கவில்லை. போர்வெல் வண்டிதான் உங்களுக்கு வந்த அறிவிப்பு.

பதிவு 4 | ஓய்வுபெற்றவர், மாரத்தஹள்ளி

ஒப்புதல் வந்த பிறகு இதெல்லாம் வீண் பேச்சு. நடக்க வேண்டியதைப் பார்க்கலாம்.

பதிவு 5 | கடைமடைக்காரர்

ஓய்வுபெற்ற பெரியவர் மன்னிக்க வேண்டும், நான் அப்படி நினைக்கவில்லை. சாலையைப் பற்றிப் பேசிவிட்டீர்கள், நான் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறேன்.

என் சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம். ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறந்தார்களா என்று வானொலியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்ட குடும்பம். திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். சில வருடம் வராமலே போகும். மேலே உள்ள மடைகள் எல்லாம் வாங்கிக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் கடைமடைக்கு. 2018 பிப்ரவரி 16ஆம் தேதி உச்ச நீதிமன்றம் காவிரித் தீர்ப்பில் கர்நாடகத்துக்கு 14.75 டி.எம்.சி. கூட்டிக் கொடுத்தபோது, அதில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கு என்றே சொல்லிக் கொடுத்தது. தமிழ்நாட்டின் பங்கு 192இலிருந்து 177.25 ஆகக் குறைந்தது. அன்று இரவு என் அப்பா தொலைபேசியில், 'உன் வீட்டுக் குழாயில் வருவது நம் வயல் தண்ணீர்டா' என்றார். அதற்கு நான் கோபப்பட்டேன். இப்போது நினைத்தால், குழாயில் வந்திருந்தால்கூடப் பரவாயில்லையே என்று தோன்றுகிறது.

ஏனென்றால் இந்த ஊரிலும் நான் கடைமடையில்தான் வந்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். காவிரியைச் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். 2007இல் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களுக்காக ஐந்தாம் கட்டத் திட்டத்தை 2024 அக்டோபர் 16ஆம் தேதி தொடங்கிவைத்தார்கள். அதன் அளவு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். பெரிய எண்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் கட்டடத்துக்கு வாரத்தில் இரண்டு நாள், அதுவும் விடியற்காலையில், சம்ப்பில் ஒரு முழம் ஏறும் அளவுக்குத்தான் வருகிறது. மற்ற நாளெல்லாம் டேங்கர். விடிகாலை நாலரைக்கு அது பின்பக்கமாக நகரும்போது எழும் பீப் ஒலிதான் எங்கள் வீட்டுச் சேவல்.

2024 மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் டேங்கருக்கு விலை நிர்ணயித்தது நினைவிருக்கும்: ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் ஆயிரம் ரூபாய். அந்தக் கோடையில் நாங்கள் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தோம். இப்போது அந்த 360 வீட்டுக் கணக்கைப் போடுங்கள். வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 2,43,000 லிட்டர். இருபது டேங்கருக்கு மேல். அவையும் அதே 5.9 மீட்டர் வழியாகத்தான் வர வேண்டும்.

பதிவு 6 | வாடகைவீட்டுக்காரி

கடைமடைக்காரர் அண்ணா, கணக்கில் ஒரு திருத்தம். 135 லிட்டரில் 45 லிட்டர் கழிப்பறைக்கு. புதிய கட்டடங்களில் இரட்டைக் குழாய் போட்டு, சுத்திகரித்த நீரை அதற்குத் திருப்பிவிடுகிறார்கள். மீதி 90 லிட்டர் என்றால் 1,62,000 லிட்டர், பதினான்கு டேங்கர். வீட்டுக்கு ஐந்து பேர் என்பதும் காகிதக் கணக்கு. எங்கள் தளத்தில் ஆறு வீட்டில் நான்கில் இரண்டிரண்டு பேர்தான் இருக்கிறோம். நிஜத்தில் ஒன்பது, பத்து டேங்கர் வரலாம். அதுவும் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். எதிர்க்கும்போது பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டால், பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்த எண்ணை மட்டும் மறுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பதிவு 7 | சங்கப் பொருளாளர்

நானும் இழையைத் தொடங்கியவரும் ஒரே கட்டடம். டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் நான்தான். எஸ்.டி.பி. பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, அது எங்களுக்கே கொஞ்சம் சங்கடமானது.

எங்களுடையது 112 வீடு. கீழ்த்தளத்தில் எஸ்.டி.பி. இருக்கிறது. தினமும் காலையில் இறங்கிப் போய், ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் காற்றூட்டும் தொட்டி நீரைப் பிடித்து, அரை மணி நேரம் அசையாமல் வைத்து, சேறு எந்தக் கோட்டில் படிகிறது என்று பார்க்கிறோம். முந்நூறு மில்லிக்குப் பக்கத்தில் படிந்து மேலே தெளிந்திருந்தால் நிம்மதி. கலங்கலாகவே நின்றால், இரவில் மின்சாரம் போய் ப்ளோயர் நின்றுவிட்டது என்று பொருள். அன்றைக்கு மூன்றாவது மாடி வரை வாசனை வரும். இதை ஒழுங்காக நடத்த ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. 'எஸ்.டி.பி. உண்டு' என்று ஒரு வரியில் எழுதி ஒப்புதல் வாங்கிவிடலாம், ஆனால் அதைத் தினமும் ஓட்டப் போகிறவர் யார் என்று அந்தத் தாளில் இல்லை.

ஒழுங்காக ஓடினாலும் இன்னொரு சிக்கல். சுத்திகரித்த நீரில் பாதியைத்தான் நம்மால் செலவழிக்க முடிகிறது. மிச்சத்தை என்ன செய்வது? பல ஆண்டுகளாக இந்தப் பகுதியின் கழிவுநீர் எங்கே போனது என்பதற்குப் பெல்லந்தூர் ஏரி 2015இலும் 2017இலும் 2018இலும் தீப்பிடித்து எரிந்ததே சாட்சி. வர்த்தூர் ஏரியின் நுரை காற்றில் பறந்து கார்க் கண்ணாடியில் வந்து ஒட்டியதைப் பார்த்தவர்கள் இங்கேயே இருப்பீர்கள். 2024 மார்ச்சில், மிஞ்சும் சுத்திகரித்த நீரில் பாதி வரை அடுக்ககங்கள் விற்கலாம் என்று அரசு அனுமதித்தது. அதே மாதம், கட்டுமானத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவிட்டது.

ஆகவே எங்கள் நீரை வாங்க ஆள் வந்தது. யார் தெரியுமா? கோடியில் உள்ள அந்த நான்கு ஏக்கர்தான். கடந்த இரண்டு மாதமாக எங்கள் எஸ்.டி.பி. நீரில்தான் அவர்கள் அடித்தளக் கான்கிரீட்டுக்கு ஈரம் காட்டுகிறார்கள். மாதக் கடைசியில் ரசீது போட்டுப் பணம் வாங்கிக் கணக்கில் சேர்ப்பவன் நான். எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போடும் முன் இதைப் பொதுவில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

பதிவு 8 | பாலகெரே வாசி

பொருளாளர் சொல்வது உண்மை. மனுவில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுவோம். மறைத்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே எடுத்துக் காட்டுவார்.

பதிவு 9 | அல்சூர்க்காரர்

நான் பிறந்து வளர்ந்தது அல்சூர். எங்கள் தெருவில் இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னே போக வேண்டும். ஆகவே சந்து என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

இழையில் எல்லோரும் 20 மாடியையே பார்க்கிறீர்கள். என் தம்பி மாரத்தஹள்ளிக்கு அருகே இருக்கிறான். அவன் தெருவில் முப்பதுக்கு நாற்பது அடி மனைகளில் ஐந்து மாடி, ஆறு மாடி பி.ஜி. விடுதிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் அறுபது, எழுபது பேர். பக்கவாட்டில் செட்பேக், அதாவது விட வேண்டிய இடைவெளி, கிடையாது; இந்த மாடிக் கைப்பிடியிலிருந்து அந்த மாடிக் கைப்பிடிக்குத் துணி காயப் போடலாம். மூன்று மாடிக்கு அனுமதி வாங்கி ஆறு கட்டியவை, எஸ்.டி.பி. என்ற சொல்லையே கேட்டிராதவை. உங்கள் கோபுரமாவது கோப்பு வழியாக வருகிறது, கேள்வி கேட்க ஒரு வரைபடமாவது இருக்கிறது. இவற்றைக் கூட்டினால் நாலைந்து கட்டடத்திலேயே முந்நூறு பேர் வந்துவிடுவார்கள். உயரம் கண்ணில் படுகிறது, அதனால் எதிர்க்கிறோம். நெரிசல் கண்ணில் படுவதில்லை.

2024 டிசம்பர் 17ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஓ.சி. என்ற குடிபுகல் சான்று இல்லாத கட்டடத்துக்கு மின்சாரமும் குடிநீரும் இணைக்கக் கூடாது என்று கூறியபோது, இந்த ஊரில் அலறியவர்களில் அதிகம் பேர் கோபுரக்காரர்கள் அல்ல, இந்த ஐந்து மாடிக்காரர்கள்தான்.

பதிவு 10 | மூன்றாம் தலைமுறை

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே இருந்தேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். பதிவு 1இல் 5.9 மீட்டர் என்று அளந்த இடத்தில், டிரான்ஸ்பார்மருக்கு எதிரே உள்ள ஓட்டு வீடு எங்களுடையது.

என் தாத்தா காலத்தில் இங்கே கனகாம்பரமும் கீரையும் போட்டோம். வீட்டில் பேசுவது தமிழ், வெளியே கன்னடம், சந்தையில் தெலுங்கு. நான்கு ஏக்கர் எங்களுடையது அல்ல. எங்களுக்கு இருப்பது வீடும் பின்னால் பத்து சென்ட் தோட்டமும்தான். சாலை அகலப்படுத்த எங்கள் முன்பக்கத்தில் மூன்று மீட்டர் தேவை என்று அதிகாரிகள் இரண்டு முறை வந்து சிவப்பு மையில் குறி போட்டுவிட்டுப் போனார்கள். பணமாகக் கொடுப்பீர்களா என்று அப்பா கேட்டார். டி.டி.ஆர். சான்று தருவோம் என்றார்கள். அதாவது, விட்டுக்கொடுத்த நிலத்துக்குப் பதிலாகக் கட்டும் உரிமையைக் காகிதமாகத் தருவார்கள், நாம் அதை வேறு பில்டருக்கு விற்றுக்கொள்ள வேண்டும். எப்போது விற்கும், எவ்வளவுக்கு, யாரைப் பிடிக்க வேண்டும் என்று அப்பாவுக்குச் சொல்ல ஆள் இல்லை. மூன்று மீட்டர் போனால் எங்கள் வீட்டில் போவது திண்ணை அல்ல, சமையலறை.

கோடியில் இருப்பவர் தன் நிலத்தில் பட்டை விட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, அவருக்கு அதற்குப் பதில் இருபது மாடி கிடைத்தது. அவருடைய இருபது மாடிக்கு வழி விட எங்கள் சமையலறை ஏன் போக வேண்டும் என்பதற்கு மட்டும் எந்த அலுவலகத்திலும் பதில் இல்லை. சாலை குறுகலாக இருப்பதற்கு எங்கள் பிடிவாதம்தான் காரணம் என்று சந்தில் பேசுகிறார்கள், அதுவும் எனக்குத் தெரியும். வரைபடத்தில் 12 என்று எழுதியவர்கள் எங்களைக் கேட்டு எழுதவில்லை.

பதிவு 11 | வாடகைவீட்டுக்காரி

இந்தப் பதிவைப் படித்த பிறகு என் முதல் பதிவின் கடைசி வரியில் எனக்கு இருந்த உறுதி குறைந்துவிட்டது. வீடு வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் கோடியில் உள்ளவருக்குக் கிடைக்கும் மாடிகளின் விலையில் ஒரு பங்காவது இடையில் உள்ளவர்களின் நிலத்துக்குப் பணமாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அடித்தளம் தோண்டலாம் என்று ஒரு நிபந்தனை இருந்திருந்தால், இந்தச் சண்டையே வந்திருக்காது. முதலில் சாலை, பிறகு மாடி. நடப்பது தலைகீழாக இருக்கிறது.

பதிவு 12 | கட்டுமானப் பொறியாளர்

மேடம் சொன்ன நிபந்தனையை நான் வழிமொழிகிறேன், எங்கள் துறையில் அதை விரும்ப மாட்டார்கள் என்றாலும்.

தீயணைப்பைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் மனுவில் இதுதான் பிடிப்புள்ள இடம். தேசியக் கட்டட விதிகளின்படி 15 மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அது உயர்மாடிக் கட்டடம். அப்படிப்பட்ட கட்டடத்தின் முன்னுள்ள தெரு 12 மீட்டருக்குக் குறையக் கூடாது, அந்தத் தெருவின் ஒரு முனையாவது 12 மீட்டருக்குக் குறையாத இன்னொரு தெருவில் சேர வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. மனை வாசலில் மட்டும் 12.1 இருப்பதும், தெரு 12 இருப்பதும் ஒன்றல்ல. நீங்கள் எடுத்த ஒன்பது அளவுகளுக்கும் அதனால்தான் மதிப்பு.

மாநிலத் தீயணைப்புத் துறையிடம் 90 மீட்டர் வரை எட்டும் ஏணி வண்டி 2022 முதல் இருக்கிறது. ஏணி எட்டும், சரி. அந்த வண்டி டிரான்ஸ்பார்மர் வளைவைத் தாண்டி உள்ளே வர வேண்டுமே. 2010 பிப்ரவரி 23ஆம் தேதி பழைய விமான நிலையச் சாலையில் கார்ல்டன் டவர்ஸ் தீவிபத்தில் ஒன்பது பேர் இறந்தார்கள். அது ஏழு மாடிதான், அதுவும் பெரிய சாலையின் மேலேயே இருந்த கட்டடம். அன்று நான் கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. புகையிலிருந்து தப்பக் குதித்தவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, எங்கள் மேலாளர் தளத்திலிருந்த எல்லோரையும் கூப்பிட்டு அவசரப் படிக்கட்டின் கதவு திறக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கச் சொன்னார். பதினாறு கதவில் மூன்று திறக்கவில்லை.

பதிவு 13 | ஓய்வுபெற்றவர், மாரத்தஹள்ளி

நான் ஒரு வரியில் முடித்தது தவறுதான். 2022 செப்டம்பர் வெள்ளத்தில் எங்கள் கீழ்த்தளத்தில் காரின் கூரை வரை நீர் நின்றது; அப்போதும் 'நடக்க வேண்டியதைப் பார்க்கலாம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நான்கு ஏக்கரின் பக்கத்தில் ராஜகாலுவே என்னும் பெரிய மழைநீர்க் கால்வாய் ஏதாவது ஓடுகிறதா? ஏரியிலிருந்து எவ்வளவு தூரம்? பசுமைத் தீர்ப்பாயம் ஏரிக்கு 75 மீட்டர் இடைவெளி என்று சொன்னதை 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நீக்கி, முதன்மைத் திட்டத்தின் 30 மீட்டரே போதும் என்று ஆக்கிவிட்டது. ஆகவே அளக்கும்போது 30ஐ வைத்து அளக்க வேண்டும், 75ஐ வைத்து மனு எழுதினால் தள்ளுபடி ஆகும்.

பதிவு 14 | பாலகெரே வாசி

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை கோயில் மண்டபத்தில் பதினெட்டுப் பேர் கூடினோம். மூன்றாம் தலைமுறை நண்பரின் அப்பாவும் வந்திருந்தார். அவர் சந்தில் யாரோடும் அதிகம் பேசுகிறவர் அல்ல. எங்கள் கணக்கு நோட்டை வாங்கி, ஒன்பது அளவுகளையும் விரலால் தடவிப் படித்துவிட்டு, 'இந்த ஆறாவது இடத்தில் நீங்கள் சாக்கடை மூடியையும் சேர்த்து அளந்திருக்கிறீர்கள், அது சாலை இல்லை' என்றார். திருத்திவிட்டோம்.

முடிவானவை இவை. கோபுரங்களே வேண்டாம் என்று மனு போகாது. தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி, 12 மீட்டர் என்ற அகலத்தை எந்த இடத்தில், யார், எந்த நாளில் அளந்தார்கள் என்ற பதிவின் நகலைக் கிழக்கு மாநகராட்சியிடம் கேட்கிறோம். தீயணைப்புத் துறையிடமும் அதே கேள்வி தனியாக. 2025 செப்டம்பரில் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்த பிறகு பழைய கோப்பு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று தேடவே சில வாரம் ஆகும் என்று எச்சரித்தார்கள், ஆகவே இரண்டு இடத்திலும் போடுகிறோம். சுற்றுச்சூழல் அனுமதி எந்தத் தேதியில் வந்தது என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பொருளாளர் தேடுகிறார். பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்தான், தக்க காரணம் காட்டினால் இன்னும் அறுபது நாள். அது கடந்திருந்தால் அந்த வழி அடைபட்டது. சாலைக்கு நிலம் விடும் குடும்பங்களுக்குப் பணமாகக் கொடுத்து, சாலை முழு நீளமும் 12 மீட்டர் ஆன பிறகே ஓ.சி. தர வேண்டும் என்பது மனுவின் முதல் கோரிக்கை. வாடகைவீட்டுக்காரி அவர்கள் எழுதிக் கொடுத்த வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டோம். நாங்கள் எஸ்.டி.பி. நீரை விற்பது நான்காவது பத்தியில் இருக்கிறது.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஏரிக்கரை முனையிலிருந்து மறுபடியும் அளக்கிறோம், இந்த முறை ராஜகாலுவேயையும் சேர்த்து. முப்பது மீட்டர் டேப்பைப் போன வாரம் வாங்கிப் போனவர் தயவுசெய்து வெள்ளிக்கிழமைக்குள் காவலாளியிடம் கொடுத்துவிடவும்.